கேத வீட்டுக்குச் சோடா கொண்டுபோன நாட்கள்

ஆடி. இரண்டாம் வெள்ளிக்கு மறுநாள். காற்று, புழுதி.

பாட்டில் கழுவினது பன்னிரண்டு டஜன். உடைந்தது மூன்று. வலது கைப் பெருவிரலில் கீறல்.

(அன்றைக்கு எனக்கு ஓரெழுத்தும் தெரியாது. எழுபது தாண்டித்தான் கோயில் கொட்டகையில் வந்து சொல்லிக்கொடுத்தவர்களிடம் எழுத்துக் கூட்டப் படித்தேன். இப்போது கை கொஞ்சம் பழகியிருக்கிறது. ஐம்பத்து நாலாம் வருஷம், இருபத்திரண்டு வயதில், நான் புதுக்கோட்டைக்குப் போன நாட்களை அன்றன்றைக்கு எழுதினது போலவே எழுதி வைக்கிறேன். தேதி தெரியாது. கிழமையும் அமாவாசையும் மறக்கவில்லை. யாருக்கும் காட்டுவதற்காக இல்லை.)

ஊரை விட்டு வந்து எட்டு நாள். ஊர் கறம்பக்குடிக்கு மேற்கே. தண்ணீர் இறைக்கிற கமலையில் கட்டியிருந்த மாட்டை நான் பராக்குப் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டேன். கால் தவறிக் கிணற்றுக்குள் விழுந்து செத்தது. அப்பா ஊர்ச்சனம் பார்க்க அடித்தார். "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றார். முழிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடை, பிறகு பஸ்.

வேலை சோடாக் கம்பெனியில். கீழ ராஜ வீதியிலிருந்து பிரிகிற சந்து. பாட்டிலைச் சட்டத்தில் செருகிச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். வாயு ஏறினால் கோலி வந்து கழுத்தை அடைக்கும். சில பாட்டில் வெடிக்கும். முகத்துக்குக் கம்பிவலை.

சந்தில் உள்ளவை: டீக்கடை, வளையல் கடை, சைக்கிள் கடை, தையல் மிஷின் நாலு, பூக்கட்டுகிற பெண்கள், அச்சாபீஸ், சாப்பாட்டுக் கிளப்பு. கம்பெனிக்கு நேர் எதிரே வெற்றிலைபாக்குக் கடை. சத்தம் ஓய்கிறதே இல்லை. சினிமாக் கொட்டகை வண்டி தப்பு அடித்துக்கொண்டு போகிறது, நோட்டீஸ் வீசுகிறார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று வளையல் கடைக்காரர் சிரித்தார்.

ஊரில் பத்தடி நடந்தால் "எங்கிட்டுப் போற?" என்று நாலு பேர் கேட்பார்கள். எரிச்சலாக வரும். இங்கே எட்டு நாளாக ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். போக இடமில்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள். நல்ல வெயில். சோடாவுக்கு அடிபிடி.

இன்று என்னிடம் பேசினவர்கள்:

முதலாளி (இனி மு. என்று எழுதுகிறேன், கை நோகிறது): "மெல்லச் சுத்துடா, வெடிச்சிரும்."

கிளப்புக்காரர்: "அங்கிட்டு வை."

டீக்கடைக் கருப்பையா: "வாய்யா சோடா. சீனி போதுமா?"

வெற்றிலைபாக்குக் கடைச் சுப்பையா: இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு டஜன் என்று அர்த்தம். இதைப் பேச்சில் சேர்க்க முடியாது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். யாரிடமும் அதிகம் பேசாத மனுஷன். சம்சாரம் உள்ளே உட்கார்ந்து வெற்றிலைக் கவுளிக் கட்டைப் பிரிக்கிறது.

ஆக மூன்று பேர். "சீனி போதுமா" என்று கேட்பதற்காகவே இரண்டாவது டீ குடித்தேன்.

எல்லாருக்கும் நான் சோடா. மு.வுக்கு "ஏய்". சின்னத்தம்பி என்ற பெயரை நானே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சக்கரச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

சாயங்காலம் சந்தைக்குப் போய் நின்றேன். கறம்பக்குடிப் பக்கத்து வண்டிகள் ஏழெட்டு. எங்கள் ஊர் வண்டி இல்லை. அப்பாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. வாடா என்று சொல்லிவிடுவதானால் சந்தைக்கு வருகிற ஆளிடம்தான் சொல்லிவிட வேண்டும். போன சந்தைக்கும் யாரும் இல்லை.

ஆவணி. முதல் ஞாயிறு. மேகமூட்டம்.

பக்கத்துத் தெருவில் கேதம். ஒரு பெரியம்மா போய்விட்டது. அழுது மூர்ச்சை போட்டு விழுகிற பெண்களுக்குக் கொடுக்கச் சோடா வேண்டும் என்று ஆள் வந்தது. "ரெண்டு டஜன். ஓடு" என்றார் மு.

பெட்டியை இறக்கி வைத்தேன். திரும்பியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் கேத வீட்டு வாசலில் கால் வைத்தவன் கொஞ்ச நேரம் உட்காராமல் திரும்புகிறதில்லை. மாடு வாங்க வந்த வெளியூர் ஆளானாலும் உட்காருவான். நானும் பந்தலில் பெஞ்சு ஓரமாக உட்கார்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. யாரோ என் கையில் வரக்காப்பி வைத்தார்கள்.

பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர். "தம்பிக்கு எந்த ஊரு?"

"கறம்பக்குடிப் பக்கம்ங்க."

"இவுகளுக்கு நீங்க என்ன வேணும்?"

"சோடா கொண்டாந்தேங்க."

"அதுக்கென்ன. உக்காருங்க."

அப்புறம் ஒரு மணி நேரம் தன் மருமகன் செய்கிற அநியாயத்தை எல்லாம் என்னிடம் சொன்னார். நடுவில் "நீங்களே சொல்லுங்க" என்று என் தொடையில் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செத்த அந்தப் பெரியம்மாவை நினைத்து இல்லை. என்னை மூன்று தடவை நீங்க என்றார்.

மு.: "சோடா குடுக்கப் போனியா, மாலை போடப் போனியா? இங்க பாட்டில்லாம் நாறிக்கிட்டுக் கெடக்கு."

ஆவணி. பௌர்ணமி. லேசான மழை.

அதற்கப்புறம் போன கேதங்கள்:

வடக்கு வீதித் தாத்தா. நல்ல கூட்டம். வயசான சாவு, பாதிப்பேர் அரசியல் பேசினார்கள்.

ஜவுளிக்கடைக்காரர் தாயார். நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரக் கூசியது, நின்றேன்.

சைக்கிள் கடைக்காரரின் மச்சான். நான் போய் விறகு தூக்கிக் கொடுத்தேன்.

கைக்குழந்தை ஒன்று. அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அன்று சாப்பிடவில்லை.

கடைசி இரண்டுக்கும் சோடா கேட்டு ஆள் வரவில்லை. சங்குச் சத்தம் கேட்டு நானாகப் போனேன்.

கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் போக முடியாது. கோயிலுக்குப் போனால் சாமி பேசாது. கேதத்துக்கு யாரும் அழைக்கிறதில்லை, போகலாம். உட்காரலாம். ஊர் கேட்பார்கள். இந்த டவுனில் எனக்குத் திறந்திருக்கிற வாசல் அது ஒன்றுதான். இது தப்பு என்று தெரிகிறது. சக்கரத்தைச் சுற்றும்போதே காது சங்குக்குப் போகிறது.

கருப்பையா கண்டுபிடித்துவிட்டார். போன வாரம் டீக்கடையில் நாலைந்து பேர் முன்னால்: "வாங்க எழவுச் சோடா. இன்னைக்கு எங்கிட்டு?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனேன்.

"ஏம்ப்பா, எனக்கு ரெண்டு நாளா இருமலு. கண்ணு வச்சிராத. சம்சாரம் முழுகாம இருக்கா, வயித்துப் பிள்ளைக்காரி முகத்துக்காகவாச்சும் விட்டுரு."

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரர் சிரித்ததில் டீ மூக்குக்கு ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். இரண்டு நாள் வேறு கடையில் டீ குடிக்கலாம் என்று போனேன். அங்கே கேலி பண்ணக்கூட ஆளில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

புரட்டாசி. மூன்றாம் சனி. விடாத தூறல்.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பெட்டியோடு எதிர்க்கடைக்குப் போனேன். சுப்பையா விரலைக் காட்டக் கையைத் தூக்கினவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெற்றிலைக் கூடை மேல் சாய்ந்தார். தாங்கிப் பிடித்தேன். ஒரு சோடாவை உடைத்து வாயில் ஊற்றினேன். கடைவாயில் வழிந்துவிட்டது. அந்தம்மா, அவர் சம்சாரம், பேர் மீனாட்சி, "என்னங்க, என்னங்க" என்று அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மூச்சு நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.

ஒரே மகன். மலாயாவில், ரப்பர் தோட்டத்தில். தந்தி கொடுத்தார்கள். அவன் கப்பலேறி வர நாளாகும். பங்காளிகளுக்கும் சுப்பையாவுக்கும் நிலத்தகராறு, பத்து வருஷமாகப் பேச்சில்லை. ஆள் போய்ச் சொன்னதற்கு "எங்களுக்கு அப்படி ஒரு ஆளே இல்லை" என்று சொல்லிவிட்டார்களாம்.

மதியம் தாண்டிவிட்டது. மழை. மு.தான் சந்துக்குப் பெரியவர். நடுவில் நின்று கேட்டார்: "கொள்ளி வைக்க ஆளு வேணும். யாரு?"

பெற்றவர் உயிரோடு இருக்கும்போது அடுத்த வீட்டு ஆளுக்குக் கொள்ளி வைத்தால் பெற்றவருக்கு ஆகாது. இது எல்லாருக்கும் தெரியும். தையல்காரருக்கு அப்பா இருக்கிறார். சைக்கிள் கடைக்காரருக்கும் இருக்கிறார். வளையல் கடைக்காரர் வேறு ஆளுக. கருப்பையா முன்னால் வந்தார். "எங்கப்பன் போயி நாலு வருசம். ஆனா முழுகாம இருக்கவளோட புருசன் மொட்டை போடக் கூடாதே அண்ணே." அவர் கண்ணில் தண்ணீர். இந்தக் கருப்பையாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

மு. என் பக்கம் திரும்பினார். ஊர் கேட்டார். என்ன ஆளுக என்று கேட்டார். சாதி பொருந்தி வந்தது.

"ஒனக்கு அப்பன் இருக்காரா?"

அந்தம்மா நிலைப்படியில் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. சந்தே பார்த்தது. இரண்டரை மாதத்தில் இத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை.

"இல்லீங்க" என்றேன்.

மு. என் தோளில் கை வைத்தார். "ஒம் பேரு என்னப்பா?"

"சின்னத்தம்பி."

"சின்னத்தம்பி வைக்கிறான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

தலை மொட்டை. மீசையும். ஈர வேட்டி. தோளில் பானை, மூன்று சுற்று. பின்னாலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் பானையில் கொத்தி ஓட்டை போட்டார்கள். முதுகில் தண்ணீர் வழிந்தது. திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள். நடந்தேன்.

மறு செவ்வாய். மழை விட்டது.

கருமாதி வரை கொள்ளி வைத்தவன் அந்த வீட்டு ஆள். கம்பெனிக்குப் போகக் கூடாது. சுப்பையா வீட்டு முன்கட்டில் பாய். ஒரு வேளைச் சோறு, உப்பில்லாமல். நான் கேட்காமலே ஆத்தா என்று கூப்பிட வந்துவிட்டது. ஆத்தாவும் ஏன் என்று கேட்கவில்லை.

மு. இருபது தடவை வந்து எட்டிப் பார்க்கிறார். "நீ இல்லாம சக்கரத்த நாந்தான் சுத்துறேன். முதுகு போச்சு. எப்படா சுத்துன இத்தன நாளு?"

இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்: ஆத்தா, மு., கருப்பையா, தையல்காரர், பூக்காரப் பெண்கள் இரண்டு பேர், தபால்காரர், அச்சாபீஸ் ஐயா, இன்னும் மூன்று பேர். கருப்பையா டீ கொண்டுவந்து கொடுத்து, "சீனி இல்ல சின்னத்தம்பி, ஒனக்கு ஆகாது" என்றார். எழவுச் சோடா என்று இப்போது யாரும் சொல்லவில்லை.

ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அப்பாவை வாயால் கொன்று கிடைத்தது. தீட்டு இருப்பதால் கோயிலுக்குப் போய் அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் முடியாது. காய்ச்சலோ, பாம்போ, கிணறோ. எதை நினைத்தாலும் அப்பா முகம் அதில் வருகிறது.

ஆத்தா சோறு போட்டுக்கொண்டே சொன்னது: "ஒங்க அப்பா இருந்திருந்தா ஒன்ன இப்படிக் கண்காணாத ஊருல விட்டிருப்பாகளா?"

விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தது.

சந்தை நாள். வெயில், இறுக்கம்.

ஆத்தா சொன்ன கருமாதிச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. தலையில் துண்டு போட்டிருந்தேன். கூட்டத்தில் யாரோ இடித்து நழுவிவிட்டது. நேர் எதிரே வேலு மாமா. எங்கள் ஊர். கடலை மூட்டையோடு வந்திருக்கிறார்.

இத்தனை நாள் எந்த முகத்தைத் தேடினேனோ, அது வந்தபோது ஓட இடம் பார்த்தேன்.

"அடேய் சின்னத்தம்பி!" சிரித்தபடி வந்தவர் நின்றுவிட்டார். "யாருக்குடா மொட்ட?"

"பழனிக்கு மாமா. வேண்டுதலை."

"பழனின்னா சந்தனம் எங்க? மீசையுமா முருகன் கேட்டாரு?"

நழுவின துண்டைத் தலையில் இழுத்துப் போட்டேன்.

"ஒங்கப்பன் நேத்திக்கு எங்க கொல்லையில கடலை புடுங்குனாருடா. கல்லு மாதிரி இருக்காரு. அவரு இருக்கையில நீ யாருக்குடா..." பாதியில் நிறுத்தினார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். எள்ளும் தர்ப்பையும் மேலாகத் தெரிந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது. "த்தூ" என்று துப்பவில்லை. துப்பப்போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார்.

கல்லு மாதிரி இருக்கிறார். வருகிற வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு. மழை விட்டு விட்டு. கருமாதி.

பந்தல் ஒழுகியது. வந்தவர் எழுபது, எண்பது. மு. சந்துக்காரர்களை எல்லாம் வேலை வாங்கினார். ஆத்தாவின் தம்பி வந்திருந்தார். பங்காளிகள் வரவில்லை.

காரியம் நடந்துகொண்டிருக்கும்போது டீக்கடைப் பக்கம் ஒரு குரல். திரும்பாமலே தெரிந்தது.

"இங்கன சின்னத்தம்பின்னு ஒரு பய..."

கருப்பையா: "அந்தா பந்தல்ல, கொள்ளி வச்ச பிள்ள. தங்கமான பய. பாவம், அப்பன் இல்லாதவன்."

அப்புறம் "அப்படியா" என்றார் அப்பா.

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அப்பா குனிந்து பந்தலுக்குள் வந்தார். இளைத்திருந்தார். நனைந்திருந்தார். கடைசி பெஞ்சில், எல்லாரும் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிறார் என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

காரியம் முடிந்ததும் ஆத்தா என்னைக் கேட்டது. "அவுக யாருப்பா? ஒன்னையே பாத்துக்கிட்டு இருக்காக."

அப்பாவும் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். அப்பா என்று சொன்னால் சுப்பையாவுக்கு நான் வைத்த கொள்ளி பொய்யாகிவிடும். மறுபடி வைக்கச் சுப்பையா இல்லை. ஆத்தா காலமெல்லாம் அதை நினைத்துக்கொண்டிருக்கும்.

"எங்க ஊருக்காரவுக ஆத்தா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். "ஆமாத்தா. ஊருக்காரன். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

ஆத்தா விடவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றது. "இவுக அப்பாவத் தெரியுமாங்க ஒங்களுக்கு?"

"தெரியும்."

"எப்படிப்பட்ட மனுசரு?"

"கோவக்காரன். வாயி சுத்தமில்ல. மத்தபடி மோசமில்ல."

"எப்பத் தவறுனாக?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். மழைத் தண்ணீர்தான். "ஆடியில" என்றார்.

"பிள்ளை மேல பிரியமா இருந்தாகளா?"

"ஒரு மாட்டுக்காக ஒருநா அடிச்சாரு. அடிச்சுப்புட்டு அழுதாருன்னு கேள்வி."

ஆத்தா கும்பிட்டது. "அவுக பெத்த பிள்ளைதாங்க எங்க வீட்டுக்காரவுகளக் கரை சேத்துச்சு. அவுக எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்." அப்பாவும் கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

பந்தியில் சாப்பிட்டார். இலையை மூடினார். கடைசியில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். முதலில் நான், பக்கத்தில் ஆத்தாவின் தம்பி, அடுத்து மு. நின்றார். துக்கம் உள்ளவர்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்க, வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுப் போவார்கள். பேச்சு கிடையாது.

அப்பாவும் வரிசையில் வந்தார். அவருக்கு முன்னால் தையல்காரர், பின்னால் அந்தக் கண்ணாடிக்காரர்.

கையை நீட்டினேன். மற்றவர்கள் தொட்டதும் எடுத்துவிடுவார்கள். அப்பா வைத்த கையை எடுக்கவில்லை. கடலை பிடுங்கி உள்ளங்கை வெடித்துக் கிடந்தது. என் தலையைப் பார்த்தார், மீசை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நகருங்க பெரியவரே, மழை வருது" என்றார் கண்ணாடிக்காரர்.

நகர்ந்தார்.

கேதத்துக்கு வந்தவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அப்பாவும் சொல்லவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ராஜ வீதிப் பக்கம் நடந்தார். வரிசை முடியாமல் நான் இடத்தை விட்டு அசையக் கூடாது. இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.